பழைய கல்யாணப் பத்திரிகையும் ஒரு செருப்புப் பெட்டியும்: படித்ததை நினைவில் நிறுத்தும் முறை

"நேற்று நன்றாகத்தான் படித்தேன், கேள்வித்தாளைப் பார்த்ததும் மறந்துவிட்டது." மாலையில் என்னிடம் படிக்க வரும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர் இதைச் சொல்வார்கள். பொய்யில்லை. ஒரே பக்கத்தை நான்கு முறை வாசித்தால் அது தெருவில் தினமும் பார்க்கும் முகம்போல் பழகிவிடும். ஆனால் தேர்வில் கேட்பது அந்த முகத்துக்கு உரியவரின் பெயரை.

அதனால் திரும்பத் திரும்ப வாசிப்பதை நிறுத்திவிட்டு, புத்தகத்தை மூடிவைத்து உங்களை நீங்களே கேள்வி கேட்டுப் பாருங்கள். அதை ஒழுங்காகச் செய்ய 1972இல் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் மொழி எழுத்தாளர் எழுதிப் பரப்பிய அட்டைப்பெட்டி முறை உதவும். ஒருபுறம் கேள்வியும் மறுபுறம் விடையும் எழுதிய அட்டைகளை ஒரு பெட்டியில் அறை அறையாகப் பிரித்து வைத்துக் கேட்டுப் பார்ப்பதுதான் அது.

முதலில் அட்டை

வீட்டில் சேர்ந்து கிடக்கும் கல்யாணப் பத்திரிகைகளைச் சீட்டுக்கட்டு அளவுக்கு வெட்டுங்கள். அச்சடித்த பக்கங்கள் உள்ளே போகும்படி இரண்டு துண்டுகளை ஒட்டினால் இருபுறமும் எழுத இடம் கிடைக்கும். தினசரி நாள்காட்டித் தாளிலும் முயன்றேன். மை மறுபக்கம் தெரிந்து விடையைக் காட்டிக்கொடுத்துவிட்டது. வெட்டுவதற்கு முன், கல்யாணம் முடிந்த பத்திரிகைதானா என்று அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி எழுதுவது

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். "ஒளியியல் பற்றி எழுதுக" என்று ஒரு அட்டை எழுதி, பின்னால் அரைப் பக்கத்தைப் பொடி எழுத்தில் நகல் எடுப்பார்கள். அது அட்டை இல்லை, சிறிய நோட்டு. ஒரு அட்டைக்கு ஒரு கேள்வி, ஒன்றிரண்டு வரியில் விடை.

"கிட்டப்பார்வையைச் சரிசெய்வது எந்த லென்சு?" என்பது சுமாரான அட்டை. விடை குழி லென்சு. இருப்பது குழி, குவி என இரண்டுதான் என்பதால் குருட்டாம்போக்கில் சொன்னாலும் பாதி நேரம் சரியாகிவிடும். "கிட்டப்பார்வைக்குக் குவி லென்சு ஏன் உதவாது?" என்று கேளுங்கள். அந்தக் குறையில் பிம்பம் விழித்திரைக்கு முன்பாகவே விழுகிறது. கதிர்களைக் குவிக்கும் லென்சு அதை இன்னும் முன்னே இழுத்துவிடும். கதிர்களை விரிக்கும் குழி லென்சு பின்னே தள்ளி விழித்திரையில் விழவைக்கும். இதைச் சொல்ல முடிந்தவருக்குத் தூரப்பார்வைக்கான விடை தானாகவே வந்துவிடும்.

குழப்பும் ஜோடிகளுக்குத் தனி அட்டை வேண்டும். திருக்குறளில் 355ஆவது குறளும் 423ஆவது குறளும் "எப்பொருள்" என்றே தொடங்குகின்றன. இரண்டாம் அடியோ எழுத்து மாறாமல் ஒன்றே. ஒன்று மெய்யுணர்தல் அதிகாரம், மற்றொன்று அறிவுடைமை. "எத்தன்மைத்து என்பது எந்த அதிகாரம், யார்யார்வாய் என்பது எந்த அதிகாரம்?" என்று ஒரே அட்டையில் கேட்டால்தான் இரட்டையரைப் பிரித்து அறியலாம்.

கணக்குக்கு இந்த முறை அவ்வளவாகப் பயன்படாது. சூத்திரங்களை அட்டையில் எழுதலாம். கணக்கைத் தாளில் போட்டுத்தான் பழக வேண்டும்.

பெட்டியும் கிழமைகளும்

செருப்புப் பெட்டியை அட்டைத் தடுப்பு வைத்து மூன்று அறைகளாக்குங்கள். முதல் அறையைத் தினமும், இரண்டாம் அறையைச் செவ்வாய், வெள்ளியிலும், மூன்றாம் அறையை ஞாயிற்றுக்கிழமையும் எடுத்துப் பாருங்கள். புதிய அட்டைகள் முதல் அறையில் சேரும். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறினால், எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும்.

ஏன் இந்த இடைவெளி? 1885இல் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்பவர் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தன்னையே சோதித்து வெளியிட்ட முடிவுகளில், மறதி தொடக்கத்தில் வேகமாகவும் போகப்போக மெதுவாகவும் நடப்பது தெரிந்தது. புதிதாகப் படித்ததை உடனுக்குடன் கேட்டுப் பார்க்க வேண்டும். ஊறிப்போனதற்கு வாரம் ஒருமுறை போதும்.

நாளுக்கு ஆறு அல்லது எட்டுப் புதிய அட்டைகளுக்கு மேல் வேண்டாம். முதல் நாள் உற்சாகத்தில் நாற்பது எழுதியவர்கள் இரண்டாம் வாரத்தில் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியதைப் பார்த்திருக்கிறேன். தவறிய அட்டைகளும் திரும்பி வந்து சேரும் என்பதை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

திருப்புவதற்கு முன்

விடையை வாய்விட்டுச் சொல்லுங்கள், அல்லது எழுதுங்கள். மனதுக்குள் "தெரியும், தெரியும்" என்று அட்டையைத் திருப்பினால் எல்லாமே தெரிந்ததாகத்தான் தோன்றும். படம் கேட்கும் அட்டை என்றால் வரைந்து, பாகங்களைக் குறித்துவிட்டுத்தான் திருப்ப வேண்டும். பாதி சரி என்றால் தவறு என்றே வைத்துக்கொள்ளுங்கள். இதில் நான் கொஞ்சம் கறார்.

திருப்புதல் தேர்வு நெருங்கும்போது முதல் அறையில் நிற்கும் அட்டைகளை எடுங்கள். ஆசிரியரிடம் கேட்க வேண்டிய சந்தேகங்களின் பட்டியல் அதுதான். "சார், ஒன்றுமே புரியவில்லை" என்பதைவிட இந்த அட்டைகளை நீட்டினால் அவருக்கும் வேலை எளிது.

அடுத்த ஆண்டு தம்பியோ தங்கையோ பத்தாம் வகுப்புக்கு வந்தால் பெட்டியை மட்டும் கொடுங்கள். எதைக் கேள்வியாக்குவது என்று பாடத்தைப் புரட்டும்போதே பாதிப் படிப்பு முடிந்துவிடுவதால், அட்டைகளை அவர்களே எழுதட்டும்.