ஷியர் போல்ட் ஒடிந்தால் கெட்டியான போல்ட் போடாதீர்கள்: பழைய ஸ்லாஷர் ரிப்பேரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் பொள்ளாச்சியில் ஒரு ஸ்பேர் கடையில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு தம்பி, கையில் இரண்டாக ஒடிந்த போல்ட். "அண்ணா, ஒரு நாளைக்கு மூணு தடவை ஒடியுது. இருக்கறதுலயே கெட்டியான போல்ட்டா ஒண்ணு குடுங்க" என்றார். கடைக்காரரும் ஆலன் போல்ட் (தலையில் அறுகோணக் குழி உள்ள கெட்டி போல்ட்) டப்பாவை இழுத்தார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. 7 வருடத்துக்கு முன்னால் இதே வார்த்தையைச் சொல்லித்தான் நானும் போல்ட் வாங்கினேன்.

அந்தத் தம்பியை டீக்கடைக்குக் கூட்டிப்போய்ச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். டிராக்டருக்குப் பின்னால் மாட்டித் தோப்பில் புல் வெட்டும் ஸ்லாஷர், அதிலும் கைமாறி வந்த பழைய ஸ்லாஷர் வைத்திருப்பவர்களுக்கு இது. எஞ்சினை நிறுத்தாமல் கை விடக்கூடாது, தூக்கி நிறுத்திய மெஷினுக்குக் கட்டை கொடுக்காமல் அடியில் போகக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதற்குள் போகவில்லை.

ஒடிய வேண்டிய போல்ட்டை ஒடியாததாக மாற்றுவது

டிராக்டரின் சக்தியைப் பின்னால் மாட்டிய மெஷினுக்குக் கொண்டுபோகிற பி.டி.ஓ. ஷாஃப்ட், ஸ்லாஷர் கியர்பாக்ஸோடு சேரும் இடத்தில் ஒரு சின்ன போல்ட் இருக்கும். அதுதான் ஷியர் போல்ட். பிளேடு கல்லிலோ கட்டையிலோ மோதி நின்றுவிட்டால், நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றிக்கொண்டிருக்கிற ஷாஃப்டின் வேகம் எங்கேயாவது இறங்கியாக வேண்டும். அது அந்த போல்ட்டில் இறங்கி, போல்ட் ஒடிந்து, ஷாஃப்ட் மட்டும் தனியே சுற்றும். ஒடிவதுதான் அதன் வேலை. வீட்டில் பியூஸ் அடிக்கடி போகிறது என்று தடிக் கம்பியைச் சுற்றி வைத்தால் என்ன ஆகும்? அதேதான் இங்கேயும்.

என் மெஷினுக்கு வேண்டியது 8 மி.மீ., 8.8 போல்ட். அது அடிக்கடி ஒடிந்ததால் லேத் பட்டறையில் ஓட்டையை 10 மி.மீ. ஆக்கி, 12.9 ஆலன் போல்ட்டைப் போட்டுக்கொண்டு வந்தேன். போல்ட் தலையில் இருக்கிற அந்த முதல் எண்ணை நூறால் பெருக்கினால் அது எத்தனை மெகாபாஸ்கல் இழுவை தாங்கும் என்று வரும். 8.8 என்றால் 800, 12.9 என்றால் 1200. அங்கேயே ஒன்றரை மடங்கு. 8 மி.மீ. போல்ட்டின் குறுக்குப் பரப்பு 50 சதுர மி.மீ., 10 மி.மீ. போல்ட்டுக்கு 78. அது இன்னொரு ஒன்றரை மடங்கு. இரண்டும் சேர்ந்து, பழைய போல்ட்டை ஒடித்த அடியைப்போல் இரண்டேகால் மடங்குக்கு மேல் அடித்தால்தான் இது ஒடியும். அவ்வளவு அடியைத் தாங்கும்படி அந்தக் கியர்பாக்ஸைச் செய்யவில்லை.

இரண்டு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. போல்ட்டைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் மழை முடிந்து புல் இடுப்பளவு நின்ற சமயத்தில், வெட்டிப்போட்ட தென்னையின் அடிக்கட்டை ஒன்று உள்ளே இருந்தது தெரியவில்லை. ஒரே ஒரு 'டங்'. வண்டியே ஒரு குலுக்குக் குலுங்கி எஞ்சின் நின்றது. கியர்பாக்ஸ் டிரெயின் பிளக்கைத் திறந்தால் 90 நம்பர் ஆயில் வெள்ளி பெயிண்ட் மாதிரி மினுமினுத்துக்கொண்டு வருகிறது, கூடவே அரை விரல் நீளத்துக்கு ஒரு பல் துண்டு. பினியன் என்கிற சின்னப் பல்சக்கரத்தில் மூன்று பல் காலி, கியர்பாக்ஸின் வெளிக்கூட்டில் ஒரு கீறல். அதோடு சேரும் பெரிய சக்கரமான கிரவுனையும் பினியனையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் பல் சேராது. எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய். ஆலன் போல்ட்டோ, ஒரு கீறல்கூட இல்லாமல் அப்படியே இருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

இதைவிட எரிச்சல், முதலில் போல்ட் ஏன் ஒடிந்தது என்று நான் பார்க்கவே இல்லை. பிறகு பார்த்தால் காரணம் மூன்று. கடையில் கொடுத்தது தலை வரைக்கும் திரெட் போட்ட போல்ட். திரெட்டின் பள்ளத்தில் அளந்தால் 8 மி.மீ. போல்ட் ஆறரை மி.மீ.தான், வெட்டு விழுகிற இடத்தில் மூன்றில் ஒரு பங்கு பரப்பு போய்விட்டது. திரெட் இல்லாத வழவழப்பான பகுதி அந்த இடத்தில் வரும்படி போல்ட் வாங்க வேண்டும். இரண்டாவது, ஓட்டை தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது. போல்ட் உள்ளே ஆடி ஆடி அடிவாங்கியே ஒடிந்திருக்கிறது. மூன்றாவது என் கை: ஆக்சிலேட்டரை ஏற்றி வைத்துக்கொண்டு பி.டி.ஓ. போடுவேன். மெதுவாக ஓடும்போது போட்டு, அப்புறம் ஏற்ற வேண்டும்.

அந்த இணைப்புக்குக் கிரீஸ் நிப்பிள் இருந்தால் விடாமல் அடியுங்கள். துருப்பிடித்து இறுகினால் போல்ட் ஒடிந்தும் ஷாஃப்ட் தனியே சுற்றாது. ஷியர் போல்ட்டுக்குப் பதில், அதிக அடி விழுந்தால் வழுக்கிக்கொடுக்கும் கிளட்ச் வைத்த ஷாஃப்ட் என்றால், மழைக்காலம் முழுக்கச் சும்மா நின்றபின் அதன் தட்டுகள் ஒட்டிக்கொள்ளும். சீசன் தொடங்குமுன் ஸ்பிரிங் நட்டுகளைத் தளர்த்தி, சில நொடி வழுக்கவிட்டு, பழைய அளவுக்கே இறுக்குங்கள்.

பிளேடு போல்ட்டுக்குச் சாதா போல்ட்

இங்கே கதை தலைகீழ். இது ஒடியவே கூடாது. ஒடிந்தால் பிளேடு பறந்துபோய் ஆள்மேல் விழும். கம்பெனி சொன்ன அதே போல்ட், புது லாக் நட். இதில் ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஒரு பிளேடை மட்டும் மாற்றுவது

மாற்றாதீர்கள். ஜோடியாக, ஒரே எடையில்.

ஷாஃப்ட் நீளத்தைப் பார்க்காமல் மாட்டுவது

பழைய ஷாஃப்ட் போய் வேறொன்று வாங்கினாலும், ஸ்லாஷரை வேறு டிராக்டருக்கு மாற்றினாலும் இது வரும். ஷாஃப்ட் என்பது ஒன்றுக்குள் ஒன்று சொருகிய இரண்டு குழாய். அவை மிக நெருங்கி நிற்கும் நிலையில் உள்ளே ஓர் அங்குலமாவது இடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஹைட்ராலிக் தூக்கும்போது குழாய் முட்டி, நேராக கியர்பாக்ஸ் பேரிங்கைத் தள்ளும். நீளம் அதிகமென்றால் இரண்டு குழாயையும் ஒரே அளவு வெட்டி, பிசிறை அரத்தால் தேய்த்து எடுக்க வேண்டும். திரும்பச் சொருகும்போது இரு முனையிலும் உள்ள கிராஸை (மடங்கிச் சுற்ற உதவும் சிலுவை வடிவ இணைப்பு) பிடிக்கும் கவ்விகளும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். சதுரக் குழாய் என்றால் மாற்றிச் சொருகிவிட வாய்ப்பு உண்டு. அப்படி ஓட்டினால் மெஷின் உதறிக்கொண்டே இருக்கும், கிராஸ் சீக்கிரம் போகும்.

எர்த் கிளிப்பை எங்கேயோ மாட்டி வெல்டிங்

மேல் தகட்டில் விரிசல் விழுந்தால் வெல்டிங் பண்ணாமல் முடியாது. ஆனால் எர்த் கிளிப்பை டிராக்டரிலோ ஷாஃப்டிலோ மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் போய், உருளைகளில் பொட்டுப் பொட்டாகக் குழி விழும். வெல்டிங் நடக்கும் தகட்டிலேயே, பக்கத்தில், பெயிண்ட்டைச் சுரண்டிவிட்டு மாட்டுங்கள். முடிந்தால் மெஷினை டிராக்டரிலிருந்து கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் பேட்டரி வயரையாவது.

ஆயில் சீலை மட்டும் மாற்றுவது

ஆயில் கசியாமல் தடுக்கும் அந்த சீல் உட்கார்ந்த இடத்தில் ஷாஃப்டை நகத்தால் தடவிப் பாருங்கள். வரி தட்டினால் புது சீலும் ஒழுகும்.

பழைய பாகத்தைத் தூக்கி எறிவது

கடைக்குப் போகும்போது கையில் எடுத்துப்போங்கள்.

அந்தத் தம்பி கடைசியில் பாதி திரெட் போட்ட 8.8 போல்ட் பத்து வாங்கிக்கொண்டு போனார். நேற்று போன் பண்ணினார். ஓட்டை முட்டை வடிவில்தான் இருக்கிறதாம், ஷியர் போல்ட் மாட்டும் கவ்வியைக் கழற்றிப் பட்டறைக்கு எடுத்துப்போகிறாராம்.