வைரத்துக்குள் இருக்கும் புள்ளி வெறுங்கண்ணுக்குத் தெரியுமா? வாங்கும் முன் பார்க்கும் முறை

வைரத்தின் சர்டிபிகேட்டில் தெளிவுக் கிரேடு எஸ்ஐ1 என்று போட்டிருக்கிறது. மோதிரமாகப் போட்டுக்கொண்டால் உள்ளே இருக்கும் புள்ளி தெரியுமா, தெரியாதா? முதன்முதலாக வைரம் வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் வரும் கேள்வி இது. சர்டிபிகேட்டில் இதற்குப் பதில் இருக்காது. 10 மடங்கு பெரிதாக்கி, பயிற்சி பெற்ற ஒருவர் பார்த்தபோது என்ன தெரிந்தது என்பதை மட்டும்தான் அந்தத் தாள் சொல்கிறது. ஒரே கிரேடு வாங்கிய இரண்டு கற்களில் ஒன்று கண்ணுக்குச் சுத்தமாக இருக்கும், இன்னொன்றில் நடுமத்தியில் கரும்புள்ளி உட்கார்ந்திருக்கும்.

ஆகவே கிரேடைப் பார்த்ததும் முடிவுக்கு வராதீர்கள். குறை எங்கே இருக்கிறது, எப்படிப்பட்டது என்று தாளிலிருந்து தெரிந்துகொண்டு, அந்த இடத்தைக் குறிவைத்துக் கண்ணால் பாருங்கள். கீழே சொல்வதெல்லாம் அதற்கான படிகள்தான்.

படி 1: 'தெரியாது' என்றால் என்ன என்று முதலில் பேசிக்கொள்ளுங்கள்

கண்ணுக்குச் சுத்தம், ஐ க்ளீன் என்றெல்லாம் விற்பவர்கள் சொல்வார்கள். இதற்கு எந்த ஆய்வகமும் வகுத்த பொது அளவுகோல் கிடையாது. பெரும்பாலும் அர்த்தம் இதுதான்: சாதாரண வெளிச்சத்தில், 20 முதல் 25 செ.மீ. தூரத்தில் வைத்து, மேலிருந்து நேராக, லென்ஸ் இல்லாமல் பார்த்தால் குறை தெரியாது. ஆனால் ஒருவர் ஒரு முழ தூரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அதையே சொல்லலாம். பக்கவாட்டில் சாய்த்தால் தெரிகிற புள்ளியை இன்னொருவர் கணக்கிலேயே சேர்க்காமல் விடலாம். எத்தனை செ.மீ. தூரம், எந்தக் கோணம், என்ன வெளிச்சம் என்று மூன்றையும் கேட்டுவிடுங்கள்.

உங்கள் கண்ணும் இதில் சேர்த்திதான். கிட்டப்பார்வை உள்ளவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கல்லை மூக்கருகே கொண்டுபோனால், மற்றவர்களுக்குத் தெரியாததுகூடத் தெரியும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு 25 செ.மீ. தூரமே மங்கலாகத் தெரியலாம். படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள், முடிந்தால் கூர்மையான கண் உள்ள இளையவர் ஒருவரையும் கூட அழைத்துப்போங்கள். மோதிரத்தைப் பார்க்கப்போவது நீங்கள் மட்டுமா என்ன?

படி 2: கிரேடை ஒரு முன்னறிவிப்பாக மட்டும் படியுங்கள்

வைரங்களுக்குத் தரம் போடும் அமெரிக்க நிறுவனமான ஜிஐஏ-வின் வரிசையில், குறையே இல்லாததில் தொடங்கிக் குறை மிகுந்தது வரை 11 தெளிவுக் கிரேடுகள்: எஃப்எல், ஐஎஃப், விவிஎஸ்1, விவிஎஸ்2, விஎஸ்1, விஎஸ்2, எஸ்ஐ1, எஸ்ஐ2, ஐ1, ஐ2, ஐ3. விவிஎஸ்2 வரை உள்ள கற்களுக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை. அவற்றிலுள்ள குறைகளை 10 மடங்கு லென்ஸில் பார்த்தாலே கண்டுபிடிப்பது சிரமம். விஎஸ்1-லும் கவலைப்பட ஒன்றுமில்லை. விஎஸ்2 பெரும்பாலும் சுத்தமாக இருக்கும், ஆனாலும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. எஸ்ஐ1, எஸ்ஐ2 இரண்டும்தான் உழைப்புக்குப் பலன் தரும் இடம். எஸ்ஐ1-ல் சுத்தமான கல்லைத் தேடிப் பிடிக்கலாம். எஸ்ஐ2-லும் கிடைக்கும், தேடல்தான் நீளும். ஐ1-ல் வெறுங்கண்ணுக்கே புள்ளி தெரியும் என்று நினைத்துக்கொண்டு போவதே சரி.

படி 3: படத்தையும் குறிகளையும் படிப்பது

ஜிஐஏ-வின் முழு அறிக்கையில் கல்லின் வரைபடம் இருக்கும். ஒன்று மேலிருந்து பார்த்தது, இன்னொன்று அடியிலிருந்து பார்த்தது. கல்லுக்குள் இருக்கும் குறைகளைச் சிவப்பிலும், மேற்பரப்பில் உள்ளவற்றைப் பச்சையிலும் வரைவார்கள். டோசியர் எனப்படும் சிறிய அறிக்கையில் இந்தப் படம் இருக்காது, குறைகளின் பெயர்கள் மட்டும் வரும். அந்தப் பட்டியலில் முதலில் நிற்கும் பெயர்தான் பொதுவாகக் கிரேடை அதிகம் பாதித்தது.

படத்தைப் பார்த்து ஏமாறுவது சுலபம். சிவப்புக் குறிகள் நிறைய இருந்தால் மோசமான கல், ஒன்றே ஒன்று இருந்தால் நல்ல கல் என்றுதான் மனம் சொல்லும். பல சமயம் உண்மை தலைகீழாக இருக்கும். எஸ்ஐ2 வாங்கிய கல்லின் படத்தில் ஒரே ஒரு சிறு வட்டம் மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கிரேடு முழுவதையும் வாங்கிக்கொடுத்தது அந்த ஒற்றைக் குறைதான். அப்படியானால் அது சின்னதாகவோ மங்கலாகவோ இருக்க வாய்ப்பில்லை. அதே கிரேடு, குறைகள் நாலா பக்கமும் சிதறிய கல்லில், எந்த ஒன்றும் தனியாகக் கண்ணில் படாமல் போகலாம்.

படம் காட்டாத இன்னொன்று நிறம். உள்ளே சிக்கிய வேற்றுப் படிகத்துக்கு கிரிஸ்டல் என்று பெயர். அது கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தாலும் கன்னங்கரேலென்று இருந்தாலும் அதே சிவப்பு வட்டம்தான். கண்ணுக்குத் தெரிவது, தெரியாதது என்ற வித்தியாசமே பெரும்பாலும் நிறத்தில்தான் இருக்கிறது. ஆக, தாளில் கிரிஸ்டல் என்று பார்த்ததும் எழவேண்டிய கேள்வி, அது கறுப்பா வெளுப்பா என்பது.

மற்றப் பெயர்களைப் பற்றிச் சுருக்கமாக: பின்பாயிண்ட் என்பது ஊசிமுனைப் புள்ளி, தனியாக இருந்தால் மறந்துவிடலாம். நீடில் மெல்லிய கோடு. ஃபெதர் என்பது விரிசல். பெரும்பாலும் ஒளி ஊடுருவும், சில கோணங்களில் மட்டும் வெள்ளையாகப் பளிச்சிடும். க்ளவுட் பற்றித் தனியாகப் பேசவேண்டியிருக்கிறது, பின்னால் வருகிறேன்.

அப்புறம் இடம். கல்லின் மேலே தட்டையாக இருக்கும் பெரிய பட்டைக்கு டேபிள் என்று பெயர். அதற்கு நேர் கீழே இருக்கும் குறை, ஜன்னலுக்குப் பின்னால் நிற்கிற ஆள் மாதிரி, தப்பிக்க இடமில்லை. விளிம்புப் பக்கம் ஒதுங்கியிருந்தால் சிறு பட்டைகளின் மினுக்கலில் மறைந்துவிடும். கல்லைப் பிடிக்கும் கொக்கிகளில் ஒன்றை அதன்மேல் வரும்படி பதிக்கச் சொல்லவும் முடியும்.

படி 4: வடிவத்தையும் அளவையும் கணக்கில் எடுங்கள்

வட்ட பிரில்லியண்ட் வெட்டில் 57 அல்லது 58 பட்டைகள், ஒவ்வொன்றும் ஒளியைத் துண்டுபோட்டுத் திருப்பி அனுப்பும். அந்தச் சிதறலில் சிறு குறைகள் ஒளிந்துகொள்ளும். எமரால்ட், ஆஷர் போன்ற படிக்கட்டு வெட்டுகளில் பட்டைகள் நீளமாக, அகலமாக இருப்பதால் உள்ளே தெளிந்த குளத்தைப் போல அடிவரை தெரியும். வட்டக் கல்லில் நான் எஸ்ஐ1 தேடச் சொல்வேன். எமரால்ட் வெட்டில் விஎஸ்1-க்குக் கீழே போகவேண்டாம் என்பேன், போனாலும் நேரில் பார்க்காமல் வாங்காதீர்கள்.

கல் பெரிதானால் பட்டைகளும் பெரிதாகும், ஒளிய இடம் குறையும். அரை கேரட்டில் தெரியாத எஸ்ஐ1, இரண்டு கேரட்டில் தெரிந்துவிடலாம்.

படி 5: வீடியோவில் பார்க்கும்போது

இணையத்தில் விற்கிறவர்கள் கல்லைச் சுழற்றிக்காட்டும் வீடியோ போடுவார்கள். அதைப் பார்த்ததும் பலருக்கும் பகீரென்கும், ஏனென்றால் திரையில் எல்லாமே ராட்சச அளவில் தெரியும். இதற்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது.

நன்றாக வெட்டிய 1 கேரட் வட்டக் கல்லின் விட்டம் ஏறத்தாழ 6.5 மி.மீ. உங்கள் போன் திரையில் அது 6.5 செ.மீ. அகலத்துக்குத் தெரிந்தால், நீங்கள் பார்ப்பது 10 மடங்கு பெரிய படம். இப்போது போனை எதிலாவது சாய்த்து நிறுத்திவிட்டு 2.5 மீட்டர் பின்னால் போய் நில்லுங்கள். அங்கிருந்து தெரியும் அளவு, நிஜக் கல்லை 25 செ.மீ. தூரத்தில் வைத்துப் பார்க்கும் அளவுதான். அங்கிருந்தும் புள்ளி தெரிகிறதென்றால் நேரிலும் தெரிய நல்ல வாய்ப்பு உண்டு. கல்லின் விட்டம் வேறாக இருந்தால், திரையில் தெரியும் அகலத்தை மி.மீ.-ல் அளந்து, சர்டிபிகேட்டில் உள்ள மி.மீ. அளவால் வகுத்து, வரும் எண்ணை 25 செ.மீ.-ஆல் பெருக்கி அந்தத் தூரம் தள்ளிப் போங்கள்.

இன்னொரு கணக்கும் உதவும். நல்ல பார்வை உள்ள கண் 25 செ.மீ. தூரத்தில் பிரித்துப் பார்க்கக்கூடிய நுண்மை சுமார் 0.07 மி.மீ. 10 மடங்கு படத்தில் அது 0.7 மி.மீ. ஆகும். திரையில் அதைவிடச் சிறியதாக, மங்கலாக இருக்கும் குறை பெரும்பாலும் நேரில் தெரியாது. ஆனால் வெளிச்சமான பின்னணியில் கரும்புள்ளி என்றால் அதைவிடச் சிறியதும் உறுத்தும். கறுப்புக்கு இந்தச் சலுகை கிடையாது.

வீடியோவில் கறுப்பாகத் தெரிவதெல்லாம் குறையும் அல்ல. கேமராவின் நிழல் கல்லுக்குள் விழுந்து கறுப்புத் திட்டுகளாகத் தெரியும். நல்ல வட்ட வெட்டில் அம்புகள் மாதிரியே நிற்கும். வீடியோவை மெதுவாக நகர்த்திப் பாருங்கள். கல் திரும்பும்போது பட்டைக்குப் பட்டை தாவுவது, திடீரென மறைவது எல்லாம் பிரதிபலிப்பு. கல்லோடு ஒட்டிக்கொண்டு கூடவே சுற்றுவதுதான் குறை.

படி 6: கையில் வைத்துப் பார்ப்பது

முதலில் துடைக்கச் சொல்லுங்கள். வைரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு சட்டென்று ஒட்டும், விரல் பட்டாலே போதும். துடைத்த பிறகு இடம் மாறியதோ காணாமல் போனதோ தூசிதான்.

அடுத்தது வெளிச்சம், இங்கேதான் கவனம் வேண்டும். நகைக்கடையில் மேலே வரிசையாக எரியும் சிறு ஸ்பாட் விளக்குகளுக்குக் கீழே எந்த வைரமும் அழகுதான். மின்னல் கண்ணைப் பறிக்கும்போது புள்ளி எப்படித் தெரியும்? அந்த விளக்குகளுக்கு முதுகைக் காட்டி நின்று, உங்கள் உடம்பின் நிழலில் கல்லைப் பிடியுங்கள். நேர் வெயில் விழாத ஜன்னலோரம் கிடைத்தால் இன்னும் நல்லது. மின்னல் அடங்கினால் உள்ளே இருப்பது வெளியே வரும்.

இப்போது 10 மடங்கு லூப்பை, அதாவது கண்ணருகே வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸைக் கேளுங்கள். லூப்பைக் கண்ணுக்கு ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு, சாமணத்தில் விளிம்பைப் பிடித்த கல்லை லூப்பை நோக்கிக் கொண்டுவாருங்கள். சுமார் 2.5 செ.மீ. தூரத்தில் சட்டென்று தெளிவாகும். முழங்கைகளை மேஜையில் ஊன்றி, இரண்டு கைகளும் ஒன்றையொன்று தொடும்படி வைத்தால் ஆட்டம் நின்றுவிடும். இரண்டு கண்களையும் திறந்தே வைத்திருங்கள், ஒரு கண்ணை இறுக மூடினால் சீக்கிரம் களைத்துவிடும். முதலில் டேபிளின் மேற்பரப்பு தெளிவாகத் தெரியட்டும். அங்கிருந்து கல்லை இம்மி இம்மியாக நகர்த்தி, பார்வையை ஆழத்துக்குள் இறக்குங்கள். சர்டிபிகேட் காட்டிய இடத்தில் குறை கிடைத்ததும், அது கடிகார முள்ளில் எத்தனை மணித் திசையில் இருக்கிறது என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, லூப்பைக் கீழே வைத்துவிடலாம். அதே திசையில் கல்லைப் பிடித்து, 25 செ.மீ. தூரத்தில், வெறுங்கண்ணால் அந்த இடத்தையே பாருங்கள். இடம் தெரிந்து தேடியும் கிடைக்கவில்லையென்றால், இடம் தெரியாத மற்றவர்களுக்குத் தென்படுவது அரிது. லேசாக முன்னும் பின்னும் சாய்த்தும் பாருங்கள். சாய்க்கும்போது மட்டும் ஒரு கீற்று தெரிந்தால் அதைப் பொறுத்துக்கொள்வதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். என்னைக் கேட்டால் வெள்ளைக் கீற்று பரவாயில்லை, டேபிளுக்குக் கீழே கறுப்பு வேண்டாம்.

படி 7: புள்ளியே இல்லாமல் மங்கும் கல்

க்ளவுட் என்பது மிக நுண்ணிய புள்ளிகளின் கூட்டம். தனித்தனியாக எதுவும் கண்ணில் படாது. ஆனால் கூட்டம் பெரிதாகவும் அடர்த்தியாகவும் இருந்தால் கல் முழுவதுமே பால் கலந்த மாதிரி மங்கிவிடும். 'கண்ணுக்குச் சுத்தம்' என்று இதையும் விற்கலாம், புள்ளி தெரியாதுதானே! சர்டிபிகேட்டின் குறிப்புப் பகுதியில், தெளிவுக் கிரேடு படத்தில் காட்டாத க்ளவுட்களின் அடிப்படையில் தரப்பட்டது என்ற பொருளில் ஒரு வரி இருந்து, கிரேடும் எஸ்ஐ1, எஸ்ஐ2 என்றால் உஷாராகுங்கள். விஎஸ் கற்களில் அதே வரி இருந்தால் பெரிதாகப் பயப்படத் தேவையில்லை.

மங்கலைத் தனியாக ஒரு கல்லை வைத்துக்கொண்டு கண்டுபிடிப்பது கஷ்டம். அதே அளவுள்ள விவிஎஸ் கல் ஒன்றைப் பக்கத்தில் வைக்கச் சொல்லி, இரண்டையும் நிழலில் ஒன்றாகப் பாருங்கள். பட்டைகளின் ஓரங்கள் ஒன்றில் வெட்டினாற்போலவும் மற்றொன்றில் கலங்கியும் தெரிந்தால் அதுதான் விடை.

இதோடு ஒன்று: விளிம்பில் மேற்பரப்பைத் தொடும் பெரிய ஃபெதர் இருந்தால், கண்ணுக்குத் தெரிகிறதோ இல்லையோ, கல் பதிக்கும்போதோ இடிபடும்போதோ அங்கே உடைய வாய்ப்பு உண்டு. பதிப்பவரிடம் முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.

படி 8: நேரில் பார்க்க முடியாவிட்டால்

விற்பவரிடம் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். 'சுத்தமா?' என்று கேட்டால் 'ஆமாம்' என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: 'டேபிளுக்குக் கீழே இருக்கும் கிரிஸ்டல் கறுப்பா, வெளுப்பா? 25 செ.மீ. தூரத்தில் மேலிருந்து தெரிகிறதா? சாய்த்தால் தெரிகிறதா? கல்லில் மங்கல் உண்டா?' பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். திருப்பி அனுப்ப எத்தனை நாள் அவகாசம், பதித்த பிறகும் அது செல்லுமா என்றும் கேட்டுவிடுங்கள்.

கல் வந்ததும் விளிம்பில் லேசரால் பொறித்த எண் இருந்தால் அதை லூப்பில் படித்துச் சர்டிபிகேட் எண்ணோடு ஒப்பிடுங்கள். பிறகு படி 6-ஐ அவகாசம் முடிவதற்குள், பகலில் ஒருமுறை, விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை செய்துவிடுங்கள். கல் பதிக்கப்படாமல் இருக்கும்போதே பார்ப்பது முக்கியம், பதித்த பிறகு விளிம்பும் அடிப்பாகமும் பாதி மறைந்துவிடும்.