கேரவன், கொம்பி விளக்குகளை எல்இடிக்கு மாற்றுதல்: 12 வோல்ட் என்பது 12 வோல்ட் அல்ல

பழைய கேரவனிலோ (காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி) கொம்பியிலோ (வேன்) பல்பைக் கழற்றி எல்இடி பல்பைச் செருகுவது அரை மணி நேர வேலை. ஆனால் மாற்றியவர்களில் பலர், ஆறு மாதத்தில் ஒவ்வொன்றாக மினுக்கி மங்கி அணைந்துவிட்டது என்று குறைப்படுகிறார்கள். பெரும்பாலும் பல்பைக் குறைசொல்ல முடியாது. அட்டையில் 12 வோல்ட் என்று போட்டிருந்ததை நம்பி வாங்கியதுதான் வினை.

வண்டியில் 12 வோல்ட் என்பது பெயரளவில்தான். முழுதாக ஏறிய ஈயப் பேட்டரி சும்மா இருக்கும்போது 12.7 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போதும், முகாமில் வெளி மின்சாரத்துக்கான நீல பிளக்கைச் செருகி சார்ஜர் முழுவேகத்தில் ஏற்றும்போதும் 14.4 வரை போகும். சில சோலார் கண்ட்ரோலர்கள் தண்ணீர் ஊற்றும் பேட்டரிக்குச் சமன்படுத்தும் சார்ஜ் கொடுக்கும்போது 15ஐயும் தாண்டும்.

மலிவான எல்இடி பல்பின் உள்ளே மூன்று எல்இடிகளும் ஒரு ரெசிஸ்டரும் (மின்தடை) வரிசையாக இருக்கும், அவ்வளவுதான். ஓர் எல்இடிக்கு 3.1 வோல்ட் என்றால் மூன்றுக்கும் 9.3 போகும். 12 வோல்ட் வந்தால் ரெசிஸ்டரின் மேல் மீதி 2.7, 14.4 வந்தால் 5.1. மின்னழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு கூடியதற்கு மின்னோட்டம் ஏறக்குறைய இரு மடங்காகிறது. எல்இடிக்கு எமன் வெப்பம்; இந்தக் கூடுதல் மின்னோட்டம் பெரும்பாலும் வெப்பமாகத்தான் இறங்கும். அதனால் கடையில் முதலில் பார்க்க வேண்டியது வாட்டோ லூமனோ அல்ல. அட்டையில் "10–30 வோல்ட் டிசி" என்பதுபோல ஒரு வரம்பு அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படிப்பட்ட பல்பில் மின்னோட்டத்தைச் சீராக வைக்கும் சிறு டிரைவர் இருக்கும். வெறும் "12V" என்று மட்டும் இருந்தால் அதை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.

எவ்வளவு மிச்சமாகும்? நான்கு 10 வாட் ஹாலோஜன், இரண்டு 21 வாட் பல்பு, ஒரு 8 வாட் குழல்விளக்கு உள்ள கேரவனை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 90 வாட், அதாவது 7.5 ஆம்பியர். மாலையில் நான்கு மணி நேரம் எல்லாம் எரிந்தால் 30 ஆம்பியர்-மணி. 105 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரியில் பாதிக்குமேல் இறக்கக் கூடாது என்பதால், இரண்டாம் இரவே ஃப்ரிட்ஜும் தண்ணீர் பம்பும் திணறும். அதே விளக்குகள் எல்இடியானால் மொத்தம் 19 வாட் அளவில், அதே நான்கு மணி நேரத்துக்கு 6 ஆம்பியர்-மணிதான். தென்னாப்பிரிக்காவின் சோட்வானா விரிகுடாவில் மின்சாரம் இல்லாத இடம் கிடைத்தால் இந்த வித்தியாசத்தின் அருமை தெரியும்.

வாங்கும் முன் அளக்க வேண்டியவை

மல்டிமீட்டர் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். ஒரு ஹோல்டரில் இருந்து பல்பைக் கழற்றிவிட்டு, மூன்று நிலைகளில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்: பேட்டரி மட்டும், எஞ்சின் ஓடும்போது, வெளி மின்சாரம் செருகியபோது. மூன்றாவதில் ஒரு பொறி உண்டு. சில பழைய கேரவன்களில் வெளி மின்சாரம் வந்ததும் விளக்குகள் பேட்டரியை விட்டு ஒரு டிரான்ஸ்ஃபார்மருக்கு மாறும். அது ஏசியாகவோ, வடிகட்டாத துடிக்கும் டிசியாகவோ இருக்கலாம். மீட்டர் 12 என்று காட்டினாலும் உச்சம் 17 வோல்ட் வரை இருக்கும். பேட்டரியில் நன்றாக எரியும் எல்இடி, முகாமில் பிளக்கைச் செருகியதும் துடிப்பதற்கு இதுதான் காரணம். மீட்டரை ஏசிக்கு மாற்றிப் பார்த்தால் பிடிபடும். அப்படி இருந்தால் பல்பு வாங்கும் காசை முதலில் நல்ல சார்ஜருக்குப் போடுங்கள்.

அடுத்து பல்பின் அடிப்பகுதி. திருகிப் பூட்டும் 15 மில்லிமீட்டர் வகையில் அடியில் ஒரு புள்ளி இருந்தால் பிஏ15எஸ், இரண்டு புள்ளி இருந்தால் பிஏ15டி. ஒன்றுக்கு மற்றொன்று சேராது. பிஏ15டி வகையில் 230 வோல்ட் தையல் இயந்திர பல்புகளும் விற்கிறார்கள். பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், எச்சரிக்கை. இரண்டு மெல்லிய ஊசி உள்ளவை ஜி4. இதற்கு மாற்றாக வரும் வட்டத் தட்டு எல்இடியில் ஊசி பின்புறமா பக்கவாட்டிலா என்று பார்த்து, விளக்குக் கூட்டின் உள்விட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள். 30 மில்லிமீட்டர் தட்டை 26 மில்லிமீட்டர் கூட்டுக்குள் திணிக்க முடியாது. இரு முனையிலும் கூம்பு உள்ள ஃபெஸ்டூன் பல்பு 31, 36, 39, 42 மில்லிமீட்டர் நீளங்களில் வரும்.

வெளிச்சத்துக்கு ஒரு கைக்கணக்கு: 10 வாட் ஜி4 ஹாலோஜனுக்கு ஈடாக 120 முதல் 150 லூமன், 20 வாட்டுக்கு 300, 21 வாட் பிஏ15எஸ்ஸுக்கு 400க்கு மேல். இரண்டே வாட்டில் ஆயிரம் லூமன் என்று அட்டை சொன்னால் அது பொய்.

நிறத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 6500 கெல்வின் நீலவெள்ளை ஒளியில் மஞ்சள் போட்ட மீன் குழம்புகூட ஆறிப்போன சாம்பல் மாதிரி தெரியும். படுக்கைப் பக்கம் 2700 முதல் 3000 கெல்வின், அடுப்புக்கு மேல் 4000. நிறம் காட்டும் தரமான சிஆர்ஐ 90 கிடைத்தால் நல்லது, 80க்குக் கீழே போக வேண்டாம்.

மாற்றும் முறை

வெளி பிளக்கைப் பிடுங்குங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். ஹாலோஜன் எரிந்துகொண்டிருந்தால் பத்து நிமிடம் ஆற விடுங்கள்.

ஹோல்டரைச் சுத்தம் செய்யாமல் புதுப் பல்பைப் போடாதீர்கள். ஸ்காட்பர்க், மார்கேட் பக்கம் உப்புக் காற்றில் நிற்கும் வண்டிகளில் பித்தளைத் தொடுமுனை பச்சை பூத்திருக்கும். பழைய பல்பு ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுத்ததால் அந்தப் படலத்தைத் தாண்டி எரிந்தது. எல்இடி இழுக்கும் சொற்ப மின்னோட்டத்துக்கு அந்தத் தெம்பு இல்லை, மினுக்கும். 400ஆம் எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, காண்டாக்ட் கிளீனர் அடியுங்கள். ஃபெஸ்டூன் பிடிகள் வருடக்கணக்காகச் சூடேறி இறுக்கம் இழந்திருந்தால் பிளையரால் சற்று உள்நோக்கி வளைத்துவிடுங்கள்.

போட்டதும் எரியவில்லையா? திருப்பிப் போடுங்கள். ஃபெஸ்டூன் எல்இடிகள் பலவற்றுக்கு நேர், எதிர் உண்டு. பிஏ15எஸ் வகையைத் திருப்ப முடியாது. ஹோல்டருக்குப் போகும் ஒயர்களை மாற்றிப் போட வேண்டியிருக்கும். ஒயரின் நிறத்தை நம்பாமல் மீட்டரால் பார்த்து முடிவு செய்யுங்கள், முன்பு வண்டி வைத்திருந்தவர் கையில் கிடைத்த ஒயரை இழுத்திருக்கலாம். சுவிட்சை அணைத்த பிறகும் லேசாக ஒளிர்ந்தால், சுவிட்சுக்குள் இருக்கும் குட்டி அடையாள விளக்கின் வழியே மின்னோட்டம் கசிகிறது என்று பொருள். சுவிட்சை மாற்றினால் சரியாகும்.

குழல்விளக்குதான் கொஞ்சம் வேலை வாங்கும். 8 வாட் குழல் 288 மில்லிமீட்டர் நீளம். அதன் பின்னால் உள்ள பாலஸ்ட் 12 வோல்ட்டை உயர் மின்னழுத்த ஏசியாக மாற்றுகிறது, ஆகவே அதைக் கழற்றி வெளியே எடுத்த பிறகுதான் எல்இடி. தகரக் கூட்டை ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, ஒரு மீட்டர் நீளத்துக்கு 9.6 வாட் இழுக்கும் எல்இடி ஸ்ட்ரிப்பில் 25 சென்டிமீட்டர் துண்டுகள் இரண்டை ஒட்டுங்கள். மொத்தம் 5 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. ஸ்ட்ரிப்பை அச்சிட்ட கோட்டில் மட்டுமே வெட்ட வேண்டும். வெப்பத்தை இழுக்கத் தகரம் போதும். மரத்தில் ஒட்டுவதானால் அலுமினியப் பட்டை அவசியம்.

இந்த ஸ்ட்ரிப்புகளும் மூன்று எல்இடி, ஒரு ரெசிஸ்டர் என்ற அதே கட்டமைப்புதான். வரம்பு போட்ட ஸ்ட்ரிப் கடையில் கிடைப்பது அரிது. எனவே முன்னால் ஒரு பக்-பூஸ்ட் ரெகுலேட்டர் வையுங்கள்: உள்ளே 9 முதல் 20 வோல்ட் வந்தாலும் வெளியே 12. ஸ்ட்ரிப்பின் வாட்டைவிடப் பாதி கூடுதலாகத் தாங்குவதாக வாங்குங்கள். எல்லா ஸ்ட்ரிப்புக்கும் சேர்த்து ஒன்று போதும். மங்கவைக்கும் டிம்மர் வேண்டுமென்றால் அது ரெகுலேட்டருக்குப் பின்னால், ஸ்ட்ரிப்புக்கு முன்னால் வர வேண்டும். டிரைவர் உள்ளே உள்ள பல்புகளோடு டிம்மரைச் சேர்த்தால் பெரும்பாலும் துடிக்கும்.

இணைப்புக்கு விற்கும் பிளாஸ்டிக் கிளிப்புகள் வீட்டு அலமாரிக்குச் சரி. டிராக்கன்ஸ்பர்க் அடிவாரத்துச் சரளை ரோட்டில் இருபது கிலோமீட்டர் அலை அலையாகக் குலுங்கினால் கழன்றுவிடும். சால்டர் வைத்து, ஹீட்ஷ்ரிங்க் குழாய் போட்டு, ஒயரை அருகிலேயே ஒரு கிளிப்பால் பிடித்து வையுங்கள். பல இழை ஒயர், 0.75 சதுர மில்லிமீட்டர். வீட்டுச் சுவருக்குள் போகும் ஒற்றைக் கம்பி ஒயர் அதிர்வில் உள்ளுக்குள்ளேயே ஒடியும்.

இங்கே ஃப்யூஸை மறந்துவிடுகிறார்கள். ஃப்யூஸ் காப்பது விளக்கையல்ல, ஒயரை. பழைய வழியில் 15 ஆம்பியர் ஃப்யூஸ் இருந்து, அதிலிருந்து மெல்லிய ஒயரைப் புதிதாக இழுத்தால், உரசி ஷார்ட் ஆகும்போது ஒயர்தான் முதலில் எரியும். புதுக் கிளை தொடங்கும் இடத்தில் 2 அல்லது 3 ஆம்பியர் ஃப்யூஸ் போடுங்கள்.

மாற்றியதும் வானொலி இரைந்தால் பல்பின் டிரைவர்தான் குற்றவாளி. ஒவ்வொன்றாக அணைத்தால் எது என்று தெரிந்துவிடும். ஒயரின் மேல் ஃபெரைட் கவ்வி போட்டால் குறையும். குறையாவிட்டால் அந்த பல்பைத் திருப்பிக் கொடுங்கள்.

வெளிவிளக்குகள்

பிராய் (வெளியில் இறைச்சி சுடும்) அடுப்புப் பக்கம் பந்தல் விளக்குக்கு ஆம்பர் (மஞ்சள்-ஆரஞ்சு) நிறம் போடுங்கள், பூச்சி குறையும். கொசுவுக்கு இது மருந்தல்ல. அது நம் மூச்சுக்காற்றைத் தேடி வருகிறது. வடகிழக்குத் தாழ்நிலமான லோவெல்ட், மொசாம்பிக் எல்லைப் பக்கம் போகிறவர்கள் மலேரியா மாத்திரையும் வலையும் மறக்கக் கூடாது. சோட்வானாவை உள்ளடக்கிய ஐசிமங்காலிசோ பூங்காவின் கடற்கரையில் நவம்பர் முதல் மார்ச் வரை ஆமைகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் காலம். வெளிச்சம் குஞ்சுகளைத் திசை திருப்பும் என்பதால், கடலைப் பார்த்த விளக்கை அணைத்தே வையுங்கள்.

இண்டிகேட்டருக்கு எல்இடி போட்டால் படபடவென்று வேகமாக மின்னும். 21 வாட் இழுக்காததால், பல்பு போய்விட்டது என்று பழைய ஃப்ளாஷர் ரிலே எடுத்துக்கொள்கிறது. எல்இடிக்கான எலக்ட்ரானிக் ரிலே போடுவதே சுத்தமான தீர்வு. இழுவை வண்டி புதிய பக்கியாக (பிக்-அப் வண்டி) இருந்தால் அதன் டிரெய்லர் கருவியும் இதே காரணத்தால் எச்சரிக்கை காட்டலாம். அதற்குக் கேரவன் பக்கம் 6 ஓம், 50 வாட் ரெசிஸ்டர் வைப்பார்கள். அது 25 வாட் அளவுக்குச் சூடாகும் என்பதால் பிளாஸ்டிக்கில் வைக்காமல் உலோகத்தில் திருகுங்கள். சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு எல்இடி, ஆம்பருக்குப் பின்னால் ஆம்பர். வெள்ளை போட்டால் பின்விளக்கு வெளிறிய ரோஜாவாகத் தெரியும், ரோட்வொர்தி (வாகனத் தகுதி) சோதனையில் கேள்வி வரும். முன்விளக்கைத் தொடாதீர்கள்: அதன் பிரதிபலிப்பான் இழையின் இடத்தை வைத்து வடிவமைத்தது, எல்இடி போட்டால் எதிரே வருபவரின் கண்ணைத்தான் கூசவைக்கும்.

கழற்றிய குழல்விளக்கில் பாதரசம் இருக்கிறது. உடைக்காமல் பழைய துணியில் சுற்றி, விளக்குகளைத் திரும்பப் பெறும் கடைப் பெட்டியில் போடுங்கள். நல்ல நிலையில் உள்ள ஹாலோஜன் இரண்டைக் கருவிப்பெட்டியில் வைத்துக்கொண்டால், வழியில் ஹோல்டர் கெட்டதா பல்பு கெட்டதா என்று ஒரே நிமிடத்தில் சோதித்துவிடலாம்.