செட்டிங்ஸ் ஒளிந்திருக்கும் இடம்

விண்டோஸ் விசையோடு ஆர் எழுத்தை அழுத்துங்கள். வரும் பெட்டியில் ஆப்டேட்டா (appdata) என்று ஆங்கிலத்தில் இடைவெளியின்றி அடித்து, முன்னும் பின்னும் சதவீதக் குறி போட்டு என்டர் தட்டினால், மென்பொருள்கள் உங்கள் செட்டிங்ஸை வைத்திருக்கும் மறை ஃபோல்டர் நேரே திறக்கும்.

மென்பொருள்கள் நிறுவப்படும் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் எழுத மென்பொருளுக்குச் சாதாரணமாக அனுமதி இல்லை. அதனால்தான் பலவும் இங்கே வந்து சேர்கின்றன. ஹட்டன் பக்கம் டைப்பிங் கடை வைத்திருப்பவர்களுக்கு இது கட்டாயம் உதவும்: டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை என்று லிப்ரே ஆபிஸ் எனும் இலவச டைப்பிங் மென்பொருளின் அகராதியில் ஒவ்வொன்றாகச் சேர்த்த ஊர்ப்பெயர்கள்கூட லிப்ரே ஆபிஸ், 4, யூசர், வேர்ட்புக் என்று உள்ளே போனால் கிடைக்கும். மென்பொருளை மூடிவிட்டு அந்த வேர்ட்புக் ஃபோல்டரை பென் டிரைவில் கொப்பி பண்ணினால், புது கொம்பியூட்டரில் மறுபடி சேர்க்கிற வேலை மிச்சம்.

மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இறக்கியவற்றுக்கு இது பெரும்பாலும் சரிவராது. நிறுவாமலே இயங்கும் போர்ட்டபிள் வகையோ தன் சாமானைத் தன் ஃபோல்டரிலேயே வைத்திருக்கும்.