ஆச்சியைப் பற்றி இருபது நிமிடம் பேசச் சொல்கிறார்களா?

தாமான் (குடியிருப்புப் பகுதி) சங்கத்திலோ கோயில் மண்டபத்திலோ "பழைய நடிகை ஒருவரைப் பற்றி ஒரு இருபது நிமிடம் பேசுங்களேன்" என்று யாராவது உங்களைப் பிடித்துக்கொண்டால், யோசிக்காமல் 'ஆச்சி' மனோரமாவை எடுத்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூரில் தமிழர்கள் கூடுகிற எந்த மண்டபத்திலும் எழுபது வயதுக்காரருக்கும் பதினேழு வயதுக்காரருக்கும் தெரிந்த முகம் அது. பெரியவர் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் போட்ட படத்தில் பார்த்திருப்பார், பொடிசு வாட்ஸ்அப்பில் வந்த பத்து விநாடித் துண்டில் பார்த்திருக்கும். இரண்டு பேரும் எழுந்து போகாமல் இருந்தால் போதும், பேச்சு தேறிவிட்டது.

"1937 மே 26ஆம் தேதி மன்னார்குடியில் பிறந்தார், இயற்பெயர் கோபிசாந்தா" என்று மட்டும் தொடங்காதீர்கள். பின்வரிசையில் கைப்பேசிகள் வெளியே வந்துவிடும். அந்தத் தகவல்கள் வேண்டும்தான், ஆனால் கூட்டத்துக்கு அவற்றைக் கேட்க ஆசை வந்த பிறகு சொல்ல வேண்டும். ஒரு காட்சியைப் போட்டுத் தொடங்குங்கள். என் தேர்வு 1986இல் விசு இயக்கி ஏவிஎம் தயாரித்த 'சம்சாரம் அது மின்சாரம்', வேலைக்காரி கண்ணம்மாவாக வந்து நடிகர் கிஷ்முவோடு அவர் வாய்ச்சண்டை போடும் இடம். 'கம்முனு கெட' என்ற இரண்டு சொல் வந்தாலே மண்டபம் சிரித்துவிடும். சிரிப்பு அடங்கியதும் அதே துண்டை இன்னொரு தடவை போட்டு, இந்த முறை அவர் கையையும் இடுப்பையும் மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். எப்போது நிற்கிறார், எப்போது ஒரு அடி முன்னால் போகிறார் என்று பார்த்தால், அந்தச் சத்தமெல்லாம் எவ்வளவு அளந்து போட்ட சத்தம் என்று தெரியும்.

அடுத்தது குரல். பேச்சின் நடுப்பகுதி முழுவதையும் இதற்கே கொடுத்தாலும் தவறில்லை, ஏனென்றால் மனோரமாவை மற்ற நகைச்சுவை நடிகர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவது இதுதான். திரையை அணைத்துவிட்டு 'பொம்மலாட்டம்' படத்தில் அவர் சொந்தக் குரலில் பாடிய 'வா வாத்தியாரே' பாட்டை அரை நிமிடம் கேட்க விடுங்கள். அசல் மெட்ராஸ் பாஷை, சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர் மாதிரி. அப்புறம் திரையைப் போட்டு 'தில்லானா மோகனாம்பாள்' ஜில் ஜில் ரமாமணியைக் காட்டுங்கள். அந்தக் குழைவு வேறு, அந்த இழுப்பு வேறு, மூச்சு விடும் இடம்கூட வேறு. இரண்டு படமும் வந்தது 1968இல் என்பதைக் காட்சி முடிந்த பிறகு சொல்லுங்கள், முன்னாலேயே சொல்லிவிட்டால் பாதி சுவை போய்விடும். நேரம் இருந்தால் 1992இல் வந்த 'சின்னக் கவுண்டர்' படத்தின் கொங்குப் பக்கத்து அம்மாவையும் சேர்த்துக்கொள்ளலாம். முன்பல் தூக்கிய ஒப்பனையில் வருவார், பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

இப்போது வாழ்க்கையைச் சொல்லலாம். ஜில் ஜில் ரமாமணி ஒரு நாடகக்காரி, மனோரமாவும் நாடகக்காரிதான், அந்த இடத்தில் கோத்துவிடுங்கள். அப்பா குடும்பத்தைக் கைவிட்ட பிறகு அம்மாவோடு காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூருக்குப் போனது, அம்மா வீட்டு வேலை செய்தது, சிறுமியாக இருக்கும்போதே மேடை ஏறியது, 'பள்ளத்தூர் பாப்பா' என்று பேர் வாங்கியது, பிறகு எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடகக் குழு. 1958இல் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை' படத்தில் நகைச்சுவை வேடத்தில் சினிமாவுக்கு வந்தார். 1963இல் மாடர்ன் தியேட்டர்ஸ் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாகவும் நடித்தார், ஆனால் நிலைத்தது நகைச்சுவையில்தான். செட்டிநாட்டில் வளர்ந்ததால் ஒட்டிக்கொண்ட 'ஆச்சி'யை கோலாலம்பூர் லெபோ அம்பாங் தெருவின் செட்டியார் கடைகளைப் பார்த்த தலைமுறைக்கு விளக்க வேண்டாம், சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு வரி.

நடித்த படங்களின் எண்ணிக்கை விஷயத்தில் கவனமாக இருங்கள். ஆயிரம், ஆயிரத்து இருநூறு, ஆயிரத்து ஐந்நூறு என்று ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள், கூட்டத்தில் ஒருவர் எழுந்து நின்று திருத்தவும் செய்வார். "ஆயிரத்துக்கும் மேல், கின்னஸ் புத்தகத்தில் ஏறிய எண்ணிக்கை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். விருதுகளில் 1989இல் வந்த 'புதிய பாதை'க்காகக் கிடைத்த சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருதை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்லலாம், முப்பது வருடம் சிரிக்க வைத்தவருக்கு அது எவ்வளவு தாமதமாக வந்தது என்பதற்காக. 2002இல் பத்மஸ்ரீ, சரி, ஒரு வரி. ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர் என்ற தகவல் தூங்குகிறவரையும் எழுப்பும்: அண்ணா, கலைஞர் மேடையில், எம்.ஜி.ஆர், ஜெயலலிதா, என்.டி.ராமாராவ் திரையில். பட்டியலைச் சொன்னதும் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுங்கள், இல்லாவிட்டால் மிச்ச நேரம் அரசியலாகிவிடும்.

எல்லாப் படத்தையும் புகழ வேண்டிய கட்டாயமும் இல்லை. தொண்ணூறுகளில் வந்த அம்மா வேடங்களில் பல, அழுவதற்காகவே எழுதியவை. ஆனால் எழுதியது எவ்வளவு மட்டமாக இருந்தாலும் அவர் ஒப்புக்கு நடித்துவிட்டுப் போகவில்லை. 'சின்னத்தம்பி' விதவைத் தாயை ஒரு இரண்டு நிமிடம் காட்டினால் நான் சொல்வது புரியும். அதற்கு மேல் அழுகைக் காட்சி வேண்டாம், மக்கள் ஞாயிற்றுக்கிழமை மாலை வந்திருக்கிறார்கள்.

கருவிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மண்டபத்து வைஃபையை நம்பாதீர்கள், துண்டுகளை வரிசைப்படி மடிக்கணினியில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். படம் மங்கலாக இருந்தால் பரவாயில்லை, சத்தம் தெளிவாக இருக்க வேண்டும், அதனால் நல்ல ஸ்பீக்கர் ஒன்றைக் கடன் வாங்கியாவது கொண்டுபோங்கள். மின்விசிறிச் சத்தத்தில் பாதி வசனம் காணாமல் போகும், முன்கூட்டியே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். முழுப்படம் போடச் சொல்லி யாராவது கேட்பார்கள். பொது இடத்தில் போட அதற்கு உரிமை வாங்க வேண்டும், நேரமும் இல்லை, மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

கடைசி ஐந்து நிமிடத்தைப் பெரியவர்களிடம் கொடுங்கள். "உங்களுக்குப் பிடித்த படம் எது, ஐயா?" என்று கேட்டால் பெயரைச் சொல்லி உட்கார்ந்துவிடுவார்கள். "அந்தப் படத்தை எங்கே பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். பத்து ரோடு கொலிசியம் தியேட்டர் வரும் (தெருவின் இப்போதைய பெயரான ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் அவர்கள் வாயில் வராது), பந்திங் பக்கத்துத் தோட்டம் வரும், அரசுத் தொலைக்காட்சியான ஆர்டிஎம்மில் தமிழ்ப் படம் போட்டால் பக்கத்து வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் பார்த்த கதை வரும். மைக்கை மட்டும் நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள், கையில் கொடுத்தால் திரும்பி வராது. எம்.ஜி.ஆர், சிவாஜி சண்டை கிளம்பினால், ஆச்சி இரண்டு பக்கமும் நடித்தவர் என்று சொல்லி மைக்கை ஒரு பாட்டியிடம் நீட்டுங்கள். 1966 'அன்பே வா'வில் நாகேஷோடு அவர் அடித்த கூத்து அந்தப் பாட்டிக்கு நிச்சயம் நினைவிருக்கும்.

நன்றியுரை சொல்பவரிடம் முன்பே பேசி வையுங்கள், பிறந்த தேதியிலிருந்து அவர் மறைந்த 2015 அக்டோபர் 10 வரை எல்லாவற்றையும் அவர் மறுபடி படிக்க வேண்டாம் என்று. கறிபாப் பலகாரம் ஆறிவிடும்.