‘இதுகூடத் தெரியாதா?’ என்பவரை வைத்துக்கொண்டு பறவைக் குழு நடத்துவது எப்படி

எங்கள் வாட்ஸ்அப் குழு பறவை பார்க்கிறவர்களுக்கானது. அம்பாசமுத்திரம், முக்கூடல், நாங்குநேரி என்று அங்கங்கே குளத்துக்கரை ஆட்கள்: கல்லூரிப் பிள்ளைகள், ஓய்வு பெற்ற வாத்தியார்கள், சில விவசாயிகள். நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இரண்டு நகலுக்கு நடுவே போனைப் பார்ப்பதுதான் என் அட்மின் வேலை.

மூன்றடைப்புப் பக்கத்துப் பையன் ஒருவன் வயலில் எடுத்த மங்கலான படத்தைப் போட்டு, “அக்கா, உக்காந்திருக்கும்போது மண் கலர்ல இருந்துச்சு, பறந்ததும் வெள்ளையா ஆயிட்டு. இது என்ன பறவை?” என்று கேட்டான். மடையான். குருட்டுக்கொக்கு என்றும் சொல்வோம். முதுகு பழுப்பு, இறக்கை வெள்ளை. மடக்கி உட்கார்ந்தால் அந்த வெள்ளை கண்ணிலேயே படாது. அதைக் கவனித்த பையனைப் பாராட்டியிருக்க வேண்டும். அதற்குள் ஓர் அண்ணாச்சி எழுதிவிட்டார்: “மடையானக்கூடத் தெரியாதவனெல்லாம் எதுக்குவே குரூப்புக்கு வாரான்?”

பையன் சத்தமில்லாமல் வெளியேறிவிட்டான். 2022இலிருந்து ஒருவர் குழுவை விட்டுப் போனால் அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு வருகிறது. திட்டியவர் உள்ளேயே இருப்பார். போனவரை யாரும் தேட மாட்டார்கள். குழு கலகலப்பாக இருப்பதுபோலத்தான் தோன்றும். அதனால் சண்டைக்காரரைத் திருத்துவதைவிட, புதிதாக வந்தவருக்கு முதல் பதில் யார் போடுகிறார் என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

பொறுமையான மூன்று நான்கு பேரிடம் தனியாகச் சொல்லி வையுங்கள்: புது எண்ணிலிருந்து கேள்வி வந்தால் உடனே பதில் போட வேண்டும். பதிலில் பறவையின் பெயர், அவர் சரியாகக் கவனித்த ஏதாவது ஒன்று, அப்புறம் திருப்பி ஒரு கேள்வி. “எந்தக் குளம்? தண்ணி எவ்வளவு கிடக்கு?” போதும். நல்ல பதில் ஒன்று முதலில் விழுந்துவிட்டால் அதன்மேல் ஏறித் திட்டப் பெரும்பாலும் யாருக்கும் கை வராது. கேள்வி அநாதையாகக் கிடந்தால்தான் கடுகடுப்பு ஆட்கள் வருகிறார்கள்.

அந்த அண்ணாச்சி மாதிரி ஆட்களிடம் குழுவுக்குள் வாதாடாதீர்கள். செய்தியை எல்லோருக்கும் நீக்கிவிட்டு, அன்றைக்கே போன் போடுங்கள். எழுத்தில் வேண்டாம், அது ஸ்கிரீன்ஷாட் ஆகிவிடும். “அண்ணாச்சி, நீங்க இப்படிப்பட்டவர்” என்று ஆரம்பித்தால் முடிந்தது கதை. “அண்ணாச்சி, அந்த ஒரு மெசேஜ எடுத்துட்டேன், பையன் போயிட்டான்” என்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள். இப்படிப் பேசுகிற பலர் உண்மையிலேயே விஷயம் தெரிந்தவர்கள். இவர் கூந்தன்குளத்தில் தூரத்தில் ஓடும் உள்ளான்களைப் பார்த்தே வகை பிரிப்பார். அந்தக் கண்ணுக்கு வேலை கொடுக்கலாம். தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011இலிருந்து நடக்கிறது. அதற்குப் போகிறவர்கள் நத்தை குத்தி நாரையையும் மஞ்சள் மூக்கு நாரையையும் குழப்பி எழுதுவதுண்டு. பட்டியலைச் சரிபார்க்கும் பொறுப்பை அவரிடம் விட்டேன். அட்மின் பதவியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கோபக்காரர் கையில் நீக்கும் பொத்தான் இருந்தால் குழுவில் அவர் மட்டும்தான் மிஞ்சுவார்.

விதிகளை நீளமாக எழுதினால் யாரும் படிப்பதில்லை. ஆனால் ஒரு விதியை நம்ம ஊரில் எழுதியே வைக்க வேண்டும்: புதிதாக வந்தவரிடம் “எந்தத் தெரு?” என்று கேட்கக் கூடாது. ஊர் கேட்கலாம், குளம் கேட்கலாம். தெருவைக் கேட்பது எதற்கு என்று கேட்கிறவருக்கும் தெரியும், கேட்கப்படுகிறவருக்கும் தெரியும். அப்பா பெயர், எந்தக் கோயில் கொடை என்று சுற்றி வளைத்து வருவதும் அதே கேள்விதான். இதற்கு எச்சரிக்கை ஒரு தடவைதான். “சும்மா பழக்கத்துல கேட்டேன்க்கா” என்பார்கள். சரி, பழக்கத்தை வெளியே வைத்துக்கொள்ளட்டும்.

பெண்கள் விஷயத்தில் அந்த ஒரு எச்சரிக்கையும் கிடையாது. குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். படம் போட்ட பெண்ணுக்குத் தனியே “குட்மார்னிங்” ரோஜாப்பூ அனுப்புகிறவரை, புகார் வந்த அன்றே எடுத்துவிடுவோம். சேரும்போதே இதைச் சொல்லிவிடுவதால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

கூட்டைப் பற்றிய சண்டை வேறு ரகம். ஒருவர் கூட்டுக்குப் பக்கத்தில் போய்ப் படம் எடுத்துப் போடுவார். பத்துப் பேர் “கொலைகாரா” என்று பாய்வார்கள். பாய்கிறவர்கள் சொல்வது சரிதான். தாய்ப்பறவை எழுந்து போனால் முட்டை வெயிலில் கெடும், காக்கை தூக்கும். ஆனாலும் படத்தை எடுத்துவிட்டு இந்தக் காரணத்தை ஒரு அட்மின் மட்டும் சொன்னால் போதும். மற்றவர்கள் சும்மா இருக்க வேண்டும் என்பதையும் விதியாக்குங்கள். அதே ஆள் அடுத்த வாரம் தூரத்திலிருந்து எடுத்த படத்தோடு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் சண்டை சூடு பிடித்தால், அட்மின் மட்டும் எழுதும்படி அமைப்பை மாற்றிவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் திறந்தால் பாதிப் பேருக்கு வேறு ஜோலி வந்திருக்கும். தேர்தல் சமயத்தில் இதை அடிக்கடி செய்ய வேண்டியிருக்கும்.

யாரோ போட்ட விஷமத்துக்கு நம்மைப் பிடிப்பார்களோ என்று பயந்தே சிலர் அட்மின் வேலையை விட்டுவிடுகிறார்கள். அட்மினாக இருந்ததைத் தவிர வேறு பங்கு இல்லையென்றால் அவர் பெயரை வழக்கிலிருந்து நீக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒரு வழக்கில் சொன்னது. அதற்காகக் கண்ட குப்பையையும் விட்டு வைக்கலாம் என்றில்லை.

ஒருவரை நீக்குவதென்றால் இரண்டு அட்மின்களாவது ஒத்துக்கொள்ள வேண்டும். காரணத்தை அவரிடம் சொல்லுங்கள், குழுவில் அறிவிக்காதீர்கள். பெரும்பாலும் அவர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போட்டிக் குழு ஆரம்பிப்பார். ஆரம்பிக்கட்டும். கணக்கெடுப்பு நாளில் வாகைக்குளத்தை அவர்கள் பார்க்கட்டும், வேறு குளத்தை நாம் பார்ப்போம். பட்டியல் மட்டும் ஒரே படிவத்தில் வந்தால் போதும். திரும்பிச் சேர வேண்டும் என்று கேட்டால் ஆறு மாசம் கழித்துச் சேர்த்துக்கொள்ளலாம். முதல் மாசம் புதியவர்களுடைய கேள்விகளுக்கு அவர் பதில் போடக் கூடாது, படம் மட்டும் போடலாம்.