மாவட்டங்களுக்கு நிறம் தீட்டும் முன்: கருப்பொருள் வரைபடம் போடப் பழகுவோம்

பள்ளிக்கூடத்தில் வெறும் இலங்கைப் படத்தைத் தந்து கலர் பென்சிலால் மாவட்டங்களை நிரப்பச் சொல்வார்களே, கருப்பொருள் வரைபடமும் கிட்டத்தட்ட அதுதான். என்ன, இங்கே எந்த நிறம் என்பதை எண்கள் தீர்மானிக்கும். இலவசமாகக் கிடைக்கும் கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருள், 25 மாவட்டங்களின் எல்லைக் கோப்பு, 2012 குடிசன மதிப்பீட்டு அட்டவணை, இவ்வளவும் போதும்.

முதலில் நிழற்றல் படம், அதாவது எண்ணுக்கு ஏற்ப ஒவ்வொரு மாவட்டத்துக்கும் நிறம் தீட்டும் படம். மாவட்டப் பெயரை வைத்து அட்டவணையை எல்லைக் கோப்போடு இணையுங்கள். பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் அந்த மாவட்டம் வெறுமையாகத்தான் நிற்கும். அடுத்து, எல்லோரும் விழும் குழி: சனத்தொகையை அப்படியே நிறமாக்குவது. 2012 கணக்குப்படி அனுராதபுரத்தில் சுமார் 8.6 இலட்சம் பேர், யாழ்ப்பாணத்தில் 5.8 இலட்சம். அனுராதபுரம்தான் அடர்நிறமாகத் தெரியும். ஆனால் அது 7,179 சதுர கிலோமீற்றர், யாழ்ப்பாணம் வெறும் 1,025. பரப்பளவால் வகுத்துப் பாருங்கள், கதை தலைகீழாகிவிடும்.

சரி, அடர்த்தி கிடைத்தது, இப்போது வகுப்புகள், அதாவது எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை ஒரே நிறம் என்ற பிரிப்பு. ஐந்து சம இடைவெளி கொடுத்தால் கொழும்பு மட்டும் கருஞ்சிவப்பில் நிற்க, பெரும்பாலான மாவட்டங்கள் ஒரே வெளிறிய நிறத்தில் கிடக்கும். வகுப்புக்கு ஐந்து மாவட்டம் என்று பிரித்தால் வித்தியாசம் தெரியும், ஆனால் கொழும்பின் நெரிசல் மறைந்துபோகும். நான் இரண்டையும் போட்டுப் பார்த்துத்தான் முடிவெடுப்பேன்.

மொத்த எண்ணிக்கையையே காட்ட வேண்டுமா? அதற்கு, எண்ணிக்கைக்கு ஏற்பப் பெரிதாகவும் சிறிதாகவும் மாவட்டத்தின் மேல் போடும் வட்டங்கள் இருக்கின்றன. 2012இல் கொழும்பின் சனத்தொகை முல்லைத்தீவைப் போல ஏறத்தாழ 25 மடங்கு, அதற்காக ஆரத்தையும் 25 மடங்காக்கினால் வட்டம் கடலுக்குள் போய்விடும். பரப்புத்தான் 25 மடங்கு, ஆரம் 5 மடங்கே.

புள்ளிப் படத்தில் ஒரு புள்ளி 1,000 பேர் என்று வைத்தால், மென்பொருள் மாவட்டத்துக்குள் கண்டபடி தூவி வில்பத்துக் காட்டுக்குள்ளும் ஆட்களைக் குடியேற்றிவிடும். மாவட்டத்தை விடச் சிறிய பிரதேச செயலகப் பிரிவு அளவில் தரவு எடுத்தால் இந்தக் கூத்து குறையும்.

மழைவீழ்ச்சி மாவட்ட எல்லை பார்த்துப் பெய்வதில்லை, அதற்கு, ஒரே அளவு மழை பெறும் இடங்களை இணைக்கும் சமமழைக் கோடுகள்தான் பொருத்தம்.

அப்புறம், அச்சடிக்கும் முன் கறுப்பு வெள்ளையில் ஒருமுறை பாருங்கள். நான் பச்சையும் சிவப்புமாகப் போட்ட படத்தை வெள்ளவத்தையில் ஒரு கடையில் கலர் இல்லாமல் அச்சடித்து வாங்கினேன், இரண்டும் ஒரே சாம்பல். இப்போதெல்லாம் ஒரே நிறத்தின் வெளிறலும் அடர்த்தியும்தான்.